'சதி லீலாவதி': 30 வருஷம் கழித்தும் சிரிப்பு வருகிறது... ஆனால் யாரைப் பார்த்து?

பைக்காரா படகு இல்லத்துக்கு எப்போது போனாலும் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிகள் நாலு பேரையாவது பார்க்கலாம். கழுத்தில் மஞ்சள் மாறாத தாலிக் கயிறு, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட், கையில் செல்ஃபி ஸ்டிக். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் இந்த இடமும், வழியில் வரும் புல்வெளிகளும் தமிழ் சினிமாவுக்கு ரொம்பப் பழக்கம். இந்தப் பக்கம் எடுத்த டூயட்டுகளுக்குக் கணக்கே கிடையாது.

டூயட் முடிந்தது, கல்யாணம் முடிந்தது, தேனிலவும் முடிந்தது. குழந்தைகள் பிறந்து, மனைவியின் உடம்பு பருத்து, கணவனின் கண் வேறு பக்கம் திரும்பினால் என்ன ஆகும்?

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த படம் 'சதி லீலாவதி'. 1995 பொங்கலுக்கு வந்தது. கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசும் கோயம்புத்தூர்த் தமிழுக்காகவே இன்றைக்கும் அதன் துண்டுக் காட்சிகள் செல்போனில் சுற்றுகின்றன. துண்டுகளை விட்டுவிட்டு முழுப் படத்தையும் இப்போது பார்த்தால் எப்படி இருக்கிறது? சிரித்த இடங்களில் இன்னும் சிரிக்க முடிகிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

என்ன கதை?

அருண் (ரமேஷ் அரவிந்த்) நல்ல வசதியான குடும்பஸ்தன். மனைவி லீலாவதி (கல்பனா). குழந்தைகளும் இருக்கிறார்கள். மனைவி குண்டாகிவிட்டாள் என்பதுதான் அருணின் குறை. அந்தக் குறையைச் சொல்லிக்கொண்டே பிரியா (ஹீரா) என்ற பெண்ணுடன் பழகத் தொடங்குகிறான்.

வீட்டில் பொய் சொல்லிவிட்டு அவளோடு பெங்களூரு போகிறான். அங்கே மாட்டுகிறான், அதுவும் நண்பனிடம். டாக்டர் சக்திவேல் கவுண்டர் (கமல்ஹாசன்) மனைவி பழனியோடும் (கோவை சரளா) மகனோடும் அங்கே வந்திருக்கிறார். நண்பனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது, மனைவியிடம் பொய் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய், அதை மூட மூன்றாவது பொய் என்று முதல் பாதி ஓடும்.

உண்மை வெளியே வந்த பிறகு படத்தின் முகம் மாறுகிறது. லீலாவதி அழுகிறாள், சண்டை போடுகிறாள், பிறகு யோசிக்க ஆரம்பிக்கிறாள். கணவனை மீட்க அவள் எடுக்கும் முயற்சிகள்தான் இரண்டாம் பாதி. கடைசியில் அருண் வீடு திரும்புகிறான்.

இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் பாலு மகேந்திரா. இசை இளையராஜா. வசனம் கிரேசி மோகன். தயாரிப்பு கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனம். பெரிய நட்சத்திரமான கமல், தன் சொந்தப் படத்திலேயே நாயகனின் நண்பனாக நடித்தார் என்பது அப்போது புதுசு.

பெயரிலேயே ஒரு விளையாட்டு

'சதி' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று பத்தினி, இன்னொன்று சூழ்ச்சி. படத்தின் தலைப்பு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. பத்தினியான லீலாவதி சூழ்ச்சி செய்யும் லீலாவதியாக மாறுவதுதான் கதை.

இந்தப் பெயருக்குப் பழைய வரலாறும் உண்டு. 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் இதே பெயரில் ஒரு படம் வந்தது. எஸ்.எஸ். வாசன் எழுதிய நாவல்தான் கதை. எம்.ஜி.ஆர். சினிமாவில் அறிமுகமான படம் அது. ஒரு சின்ன போலீஸ் வேடத்தில் வருவார். என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். பாலையாவும் கூட அந்தப் படத்தின் வழியாக வந்தவர்கள்தான்.

அந்தக் கதையில் குடிகாரக் கணவன் மனைவியைச் சந்தேகப்படுகிறான். கொலை செய்துவிட்டதாக நினைத்து இலங்கைக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தவறு முழுக்கக் கணவன் பக்கம். ஆனால் கற்பை நிரூபிக்க வேண்டியவள் மனைவி.

59 வருஷம் கழித்து வந்த படம், அதே பெயரை வைத்துக்கொண்டு கேள்வியைத் திருப்பிப் போட்டது. இங்கே மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. பரீட்சை எழுத வேண்டியவன் கணவன்.

பாலு மகேந்திரா ஏன் காமெடி எடுத்தார்?

நீலகிரிக்காரர்களுக்கு பாலு மகேந்திரா என்றதும் நினைவுக்கு வருவது 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'. கேத்தி ரயில் நிலையத்தில் மழையில் நனைந்தபடி கமல் துடிக்கும் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட இயக்குநரும் அதே நடிகரும் 13 வருஷம் கழித்துச் சேர்ந்து செய்தது முழு நீளக் காமெடி.

ஆனால் கல்யாணத்துக்கு வெளியே போகும் ஆண் என்பது பாலு மகேந்திராவுக்குப் புது விஷயம் இல்லை. எட்டு வருஷத்தில் இதே விஷயத்தை அவர் மூன்று முறை தொட்டிருக்கிறார்.

முதலாவது, 1987-ல் வந்த 'ரெட்டை வால் குருவி'. மோகன், அர்ச்சனா, ராதிகா நடித்தது. ஒரே நேரத்தில் இரண்டு மனைவி, இரண்டு பேரும் கர்ப்பம் என்று ஆள் மாட்டிக்கொண்டு ஓடும் கலாட்டா. 'மிக்கி அண்ட் மாட்' என்ற 1984-ம் ஆண்டு ஹாலிவுட் படத்தின் சாயல் கொண்டது.

இரண்டாவது, 1993-ல் வந்த 'மறுபடியும்'. மகேஷ் பட்டின் 'அர்த்' இந்திப் படத்தின் தமிழ் வடிவம். இதில் சிரிப்புக்கு இடமே இல்லை. கணவன் (நிழல்கள் ரவி) ஒரு நடிகையைத் தேடிப் போய்விடுகிறான். அவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும்போது, மனைவி துளசி (ரேவதி) 'முடியாது' என்று சொல்லிவிடுகிறாள்.

மூன்றாவது, 'சதி லீலாவதி'. இதிலும் கணவன் திரும்பி வருகிறான். மனைவி ஏற்றுக்கொள்கிறாள்.

அதே இயக்குநர், இரண்டே வருஷ இடைவெளி, ஒரே கேள்விக்கு இரண்டு எதிரெதிர் பதில்கள். இன்று 'சதி லீலாவதி' பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். லீலாவதி மன்னித்ததுதான் சரி என்று பாலு மகேந்திரா பொதுவாகத் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. துளசிக்குக் குழந்தை இல்லை. அவள் வேலை தேடிக்கொண்டு தனியாக நிற்கிறாள். லீலாவதிக்குக் குழந்தைகள் உண்டு. அவள் உலகமே அந்த வீடுதான். நிலைமை வேறு, முடிவும் வேறு.

கதை எங்கிருந்து வந்தது?

ஃபே வெல்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1983-ல் ஒரு நாவல் எழுதினார். தோற்றத்துக்காகக் கணவனால் ஒதுக்கப்பட்ட மனைவி, அவனையும் அவன் காதலியையும் பழிவாங்குவதுதான் கதை. 1989-ல் அது 'ஷீ டெவில்' என்ற ஹாலிவுட் படமானது. ரோசன் பார் மனைவியாகவும், மெரில் ஸ்ட்ரீப் காதலியாகவும் நடித்தார்கள்.

அதில் மனைவி வீட்டைக் கொளுத்துகிறாள். குழந்தைகளைக் கொண்டுபோய்க் கணவனும் காதலியும் இருக்கும் பங்களாவில் விடுகிறாள். கணக்கில் செய்த தில்லுமுல்லுக்காகக் கணவன் ஜெயிலுக்குப் போகிறான்.

தமிழில் அந்தப் பழியை எடுத்துவிட்டார்கள். வீடு எரியவில்லை, ஜெயில் இல்லை. ஒரே ஒரு யோசனையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: காதலும் பாட்டுமாக ஓடும் உறவுக்குள் குழந்தை, செலவு, பொறுப்பு என்று சம்சாரத்தை நுழைத்தால் அது தாங்குமா?

'சதி லீலாவதி'யின் கதை 1999-ல் டேவிட் தவான் இயக்கத்தில் 'பீவி நம்பர் 1' என்று இந்திக்குப் போனது. சல்மான் கான், கரிஷ்மா கபூர், சுஷ்மிதா சென் நடித்து, படம் பெரிய ஹிட். ஆனால் அங்கே மனைவி குண்டு இல்லை. கரிஷ்மா கபூரை யார் குண்டு என்று சொல்ல முடியும்? அதனால் அந்த மனைவி சேலையிலிருந்து மாடலிங்குக்கு மாறுகிறாள்.

2005-ல் ரமேஷ் அரவிந்த் இயக்குநராக அறிமுகமானபோது கன்னடத்தில் எடுத்ததும் இதே கதைதான். 'ராம ஷாம பாமா'. கமலும் அதில் நடித்தார். அவருக்கு ஜோடியாகக் கோவை சரளா செய்த வேடத்தை அங்கே செய்தவர் ஊர்வசி. கல்பனாவின் தங்கை.

கல்பனாவுக்கு இது இரண்டாவது தடவை

இந்தப் படத்தை இன்று திரும்பப் பார்க்கும்போது மனசில் தங்குபவர் கல்பனாதான்.

1985-ல் பாக்யராஜ் இயக்கி நடித்த 'சின்ன வீடு' படத்தில்தான் கல்பனா தமிழுக்கு வந்தார். அதில் அவருக்கு என்ன வேடம் தெரியுமா? குண்டாக இருப்பதாலேயே கணவனுக்குப் பிடிக்காத மனைவி. கணவன் இன்னொரு பெண்ணைத் தேடிப் போகிறான், பட்டுத் தெளிந்து திரும்பி வருகிறான்.

பத்து வருஷம் கழித்து 'சதி லீலாவதி'. அதே கல்பனா, அதே உடம்பு, அதே காரணம், அதே திரும்புதல்.

ஒரு நடிகைக்கு இரண்டு பெரிய தமிழ்ப் படங்களிலும் 'கணவன் வெறுக்கும் உடம்பு' என்பதே அடையாளமாகக் கிடைத்தது. அதற்குள் நின்றுகொண்டு அவர் செய்தது சாதாரணம் இல்லை. லீலாவதி அழும்போது தியேட்டர் சிரிக்கவில்லை. அவளைக் கேலிப் பொருளாக ஆக்கக்கூடிய இடங்களில் கல்பனா அவளை மனுஷியாக நிறுத்தினார். இரண்டாம் பாதியில் படம் அவள் பக்கம் சாய்வதற்கு அதுவே காரணம்.

மலையாளத்தில் அவருக்கு வேறு மாதிரி வேடங்கள் கிடைத்தன. 'தனிச்சல்ல ஞான்' படத்துக்காக 2012-ம் ஆண்டுக்கான சிறந்த துணை நடிகை தேசிய விருது பெற்றார். 2016 ஜனவரி 25 அன்று ஹைதராபாத்தில் காலமானார்.

சிரிப்பு யாரைப் பார்த்து?

பழைய காமெடிப் படம் ஒன்றை இன்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜோக்கிலும் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கவனித்தால் போதும்.

'சதி லீலாவதி'யில் பெரிய சிரிப்புகள் எல்லாம் பெங்களூரு காட்சிகளில் வருகின்றன. அங்கே நாம் சிரிப்பது பொய் சொல்லி வியர்க்கும் இரண்டு ஆண்களைப் பார்த்து. அருணின் திருட்டுத்தனத்துக்கு ஹீரோயிசப் பின்னணி இசை கிடையாது. அவன் மாட்டுவானா மாட்டுவானா என்றுதான் நாம் காத்திருக்கிறோம். துரோகம் செய்பவனைக் கெட்டிக்காரனாகக் காட்டும் படங்களுக்கு நடுவே, அவனைக் கோமாளியாகக் காட்டியது இந்தப் படத்தின் நேர்மை.

அடுத்தது பழனி. சத்தமாகப் பேசுகிறாள், சந்தேகப்படுகிறாள், கணவனை ஒரு பார்வையில் அடக்குகிறாள். முதலில் பார்த்தால் வழக்கமான 'ராட்சசி மனைவி' ஜோக் போலத் தெரியும். ஆனால் அவள் சந்தேகப்படும் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்கிறது. படத்தில் மூக்கு சரியாக வேலை செய்யும் ஒரே ஆள் அவள்தான்.

சக்திவேலும் பழனியும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் அவர்கள் குடும்பம் உடையவில்லை. அமைதியாக, வசதியாக, வெளியே அழகாகத் தெரியும் அருண் வீடுதான் உடைகிறது. இரண்டு தம்பதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அறிவுரை எதுவும் சொல்லாமல் படம் இதைக் காட்டிவிடுகிறது.

இன்று உறுத்துவது எது?

எல்லாமே சரி என்று சொல்லிவிட முடியாது. மூன்று விஷயங்கள் இன்று உறுத்துகின்றன.

ஒன்று, உடம்பு. அருண் வழிதவறியதற்கு லீலாவதியின் எடை ஒரு 'காரணமாக' முன்வைக்கப்படுகிறது. படம் அதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் அதை வைத்து ஜோக் அடிக்கத் தயங்கவும் இல்லை. குழந்தை பெற்ற பிறகு மனைவியின் உடம்பு மாறும். அதே வயதில் கணவனுக்கும் தொப்பை விழும். அந்த இரண்டாவது ஜோக்கை அந்தக் காலப் படங்கள் அடித்ததே இல்லை.

இரண்டு, உழைப்பு. தப்பு செய்தவன் அருண். ஆனால் வீட்டைச் சேர்த்துவைக்க யோசிப்பது, திட்டம் போடுவது, அலைவது எல்லாம் லீலாவதி. அவன் செய்ய வேண்டியது திரும்பி வருவது மட்டும்தான்.

மூன்று, பிரியா. அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. முன்பு நேசித்த ஒருவன் (ராஜா) இருக்கிறான். படம் அவளை வில்லியாக ஆக்கவில்லை என்பது நல்ல விஷயம். ஆனாலும் அவளோடு செலவழித்த நேரத்தைவிட அவளை அனுப்பிவைப்பதில்தான் கதைக்கு அவசரம் அதிகம்.

1995-ல் லீலாவதி கோர்ட்டுக்குப் போயிருந்தால்?

'அவ ஏன் அவனை விட்டுட்டுப் போகல?' என்று இன்றைய இளைஞர்கள் கேட்கலாம். அதற்குப் பதில் அந்தக் காலச் சட்டத்தில் இருக்கிறது.

அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 497-வது பிரிவு இருந்தது. 1860-ல் வந்த சட்டம். பிறன்மனை உறவுக்கு 5 ஆண்டு வரை சிறை. 'அப்போ அருணை உள்ளே தள்ளியிருக்கலாமே?' என்றால், முடியாது.

காரணம், அந்தப் பிரிவு குற்றம் என்று சொன்னது 'இன்னொருவனின் மனைவியோடு, அவன் சம்மதமில்லாமல்' வைத்துக்கொள்ளும் உறவை மட்டும்தான். பிரியாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனவே அருண் செய்தது அந்தப் பிரிவில் குற்றமே இல்லை. தவிர, புகார் கொடுக்கும் உரிமை கணவனுக்குத்தான் இருந்தது. ஏமாற்றப்பட்ட மனைவிக்கு இல்லை. அதாவது அந்தச் சட்டத்தின் கண்ணில் லீலாவதி என்று ஒருத்தி இல்லவே இல்லை.

விவாகரத்து? இந்து திருமணச் சட்டப்படி கேட்டிருக்கலாம். துணையின் வெளி உறவு அன்றும் விவாகரத்துக்கு ஒரு காரணம், இன்றும் காரணம்தான்.

பிழைப்பு? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் அப்போது மாதத்துக்கு 500 ரூபாய் என்று உச்ச வரம்பு இருந்தது. 2001-ல்தான் அதை நீக்கினார்கள். இந்து திருமணச் சட்டத்தின் வழியாகக் கூடுதலாகக் கேட்க முடியும் என்றாலும், அதற்குத் தனி வழக்கு, தனி அலைச்சல்.

சொந்த வருமானம் இல்லாமல் குழந்தைகளை வளர்க்கும் ஒரு பெண்ணுக்கு முன்னால் இருந்த கதவுகள் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், லீலாவதி கணவனை 'மீட்க' அலைவதற்குக் காதல் மட்டும் காரணம் இல்லை என்று புரியும்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

2018 செப்டம்பர் 27 அன்று, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான 5 நீதிபதிகள் அமர்வு 497-வது பிரிவை ரத்து செய்தது. கணவன் மனைவிக்கு எஜமானன் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் இடம்பெறவில்லை.

'அப்போ இனிமே என்ன வேணும்னாலும் பண்ணலாமா?' என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. ஜெயில் தண்டனை போனதே தவிர, விவாகரத்துக்கான காரணமாக அது அப்படியே இருக்கிறது. மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்து ஆகாமல் இரண்டாவது கல்யாணம் செய்வது இன்றும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

லீலாவதிக்கு அன்று இல்லாத இன்னொன்றும் இன்று இருக்கிறது. 2005-ல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடி, உதை மட்டும் வன்முறை இல்லை. அவமானப்படுத்துவது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது கூட மனரீதியான வன்முறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த வீடு கணவன் பெயரில் இருந்தாலும், அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. ஜீவனாம்சமும் இதே சட்டத்தில் கேட்கலாம்.

இதற்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். பெண்களுக்கான உதவி எண் 181. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு.

அப்படியானால் படத்தைப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஒரு யோசனை: தனியாகப் பார்க்காமல் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். பெங்களூரு காட்சிகளில் யார் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், லீலாவதி அழும் காட்சியில் யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று கவனித்தால் நம் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் தெரியும்.

நேரம் கிடைத்தால் அடுத்த நாளே 'மறுபடியும்' பார்த்துவிடுங்கள். துளசியின் 'முடியாது'வுக்கும் லீலாவதியின் 'சரி, வா'வுக்கும் நடுவில்தான் பெரும்பாலான குடும்பங்கள் இருக்கின்றன.

துளசிக்கு 'முடியாது' என்று சொல்ல ஒரு வேலை இருந்தது. லீலாவதிக்கு அது இருந்திருந்தால்? அப்போதும் அவள் அருணை மன்னித்திருக்கலாம். ஆனால் அது வேறு வழியில்லாமல் செய்த மன்னிப்பாக இருந்திருக்காது. பைக்காராவில் இன்று படகேறும் புதுப்பெண்களில் எத்தனை பேருக்குச் சொந்தச் சம்பளம் இருக்கிறதோ, அத்தனை பேருக்காவது அந்த வித்தியாசம் கையில் இருக்கிறது.